இறங்கும்போது குறைந்த நானூறு மீட்டர்

ஜீப்பின் கிலோமீட்டர் மீட்டர் கேபிளை மாற்றினால் ஓட்டி அளந்து பார்த்தே தீரவேண்டும் என்பது மெக்கானிக் ஆண்டனி ராஜின் பிடிவாதம். வாழவந்தி மலை ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லருகே ஜீப்பை ஓட்டிய ஜாபெஸை நிறுத்தச் சொல்லி, குமிழைத் திருகி மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மதியம்தான். ஆனாலும் பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது.

பத்துக் கிலோமீட்டர் ஏறினார்கள். மீட்டரும் பத்து காட்டியது. அதே தூரம் இறங்கினால் ஒன்பது புள்ளி ஆறு. மறுபடி ஏறி இறங்கினாலும் அதே கதை.

"ஏனுங்க ஜாபெஸ், ஏறுறப்ப சரியா இருக்குது. எறங்குறப்ப மட்டும் நானூறு மீட்டரு எங்கீங்க போச்சு?"

ஜாபெஸுக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் எட்டாவது வளைவில், மேல் ரோட்டிலிருந்து இதே ஜீப் கீழ் ரோட்டில் போய் விழுந்தது. வளைந்து வந்தால் நானூறு மீட்டர். விழுந்தால் சக்கரத்துக்குத் தூரமே கிடையாது. பக்கத்துச் சீட்டில் இருந்த மனைவி ஈவ்லின் அங்கேயே இறந்துபோனாள். அவள் சொன்னதை அவன் கேட்டிருக்கலாம். பிழைப்புக்கு வேறு வண்டி இல்லாததால், பாழாய்ப்போன இதையே நிமிர்த்தி ஓட்டுகிறான். தினமும் மகள் ஃபெபியைப் பள்ளிக்குக் கொண்டுபோவதும் இதில்தான்.

ஆண்டனி ராஜைப் பட்டறையில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் தனியாக இன்னொரு முறை இறங்கினான். கண் மீட்டரிலேயே இருந்தது.

எட்டாவது வளைவு.

எஞ்சின் சத்தம் அடங்கியது. மீட்டரில் எண் நகரவில்லை. டீசலும் ஈரமண்ணும் கலந்த வாடை.

பக்கத்துக் காலிச் சீட்டு அழுந்தியது.

"மெதுவாப் போங்க."

அடுத்த நொடி டயர் கீழ் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஸ்டியரிங்கை ஒடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரி வயரைக் கழற்றி, ஜீப்பைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இனி ஃபெபி இதில் ஏறக்கூடாது, நாளையிலிருந்து பஸ்தான் என்று முடிவு செய்த பிறகே மூச்சு வந்தது.

காலையில் சாவி சட்டைப்பையில் இருந்தது. பூட்டும் அப்படியே இருந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

முன்சீட்டில் ஃபெபியின் புத்தகப் பை.

யூனிபார்ம் போட்டுக்கொண்டு அவளே வாசலுக்கு வந்தாள். "வாங்கப்பா, போலாம். இன்னிக்கி அம்மா மடியில உக்காந்துக்கச் சொல்லிட்டாங்க."

இரட்டைச் சடை இறுக்கமாகப் பின்னி, ரிப்பன் மடித்துக் கட்டியிருந்தது. ஜாபெஸ் அவளுக்கு இன்னும் தலை வாரிவிடவே இல்லை.