இரண்டு பெட்டிக்கு நடுவில்

அழுத்தினால் உள்ளே போக வேண்டும், விட்டால் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கோனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஸ்டீவன் இடது பெட்டியின் கோனை விரல்களால் மெல்ல அழுத்தி விட்டபோது அது திரும்பி வந்தது. வந்த பிறகும் நிற்காமல் இன்னும் கொஞ்சம் வெளியே வந்து, அவன் விரல் நுனியைத் தொட்டுவிட்டு, மறுபடி உள்ளே அடங்கியது. ஒயர் எதுவும் இன்னும் மாட்டவில்லை. பசை சரியாக இறுகவில்லை போலிருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு விரலை லுங்கியில் துடைத்தான். விரலில் ஈரம் இல்லை. ஆனாலும் துடைத்தான்.

திருத்தணி பைபாஸ் ஓரம் ஒரு பழைய சாமான் கடையில் மழையில் ஊறிக்கொண்டிருந்த பெட்டிகள் அவை. முன்பக்கத் துணியை எலி தின்றிருந்தது. கோனைச் சுற்றி இருக்க வேண்டிய ஸ்பஞ்ச் விளிம்பு தொட்டதும் மாவாக உதிர்ந்தது. கடைக்காரன் உள்ளே இருந்த காந்தத்துக்காக வைத்திருந்தான். இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டான். ஸ்டீவன் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் என்றாலும், கல்யாணத்துக்கு முன்னால் மைக் செட் கடையில் வேலை பார்த்த கை. புது விளிம்பு சென்னையில்தான் கிடைக்கும் என்றார்கள். சென்னைக்குப் போய் வாங்குகிற நிலைமையிலா அவன் இருந்தான்? கையில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று கே.ஜி.கண்டிகை வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

எல்லாம் மகள் டெபோரா கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. ஒருநாள் சோறு தின்றுகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "நைனா, அம்மா எப்டி பேசும்?" என்றாள். கெசியா செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் பெற்ற பிள்ளைக்குக் குரல் மறந்து போச்சு. போனில் ஒரே ஒரு பழைய பதிவு இருந்தது. கெசியா கீரை ஆய்ந்துகொண்டே பாடுவாள். பாட்டு முடிந்ததும் தவழ்ந்து வந்த டெபோராவைப் பார்த்து, "பாப்பா, கிட்ட வா" என்பாள். போனில் போட்டால் தகர டப்பாவுக்குள் கொசு பாடுவதுபோல் கேட்டது.

நல்ல ஜோடிப் பெட்டியாக இருந்து, எதிரே சரியாக நடுவில் உட்கார்ந்து கேட்டால், பாடுகிற ஆள் இரண்டு பெட்டிக்கும் நடுவே வெறும் இடத்தில் வந்து நிற்பார். காதின் ஏமாற்றுதான் அது. மைக் செட் கடையில் முதன்முதலாக அதைக் கேட்ட அன்று அவன் எழுந்துபோய் அந்தக் காற்றைக் கையால் துழாவிப் பார்க்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்த வெறும் இடத்தில் பாப்பாவுக்கு அவள் அம்மாவை நிறுத்திக் காட்ட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதில் ஒரு கடனும் இருந்தது. கடைசி நாட்களில் கெசியா, "பாப்பாவ என் கையில குடு" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். ஒட்டிக்கொள்ளும் சீக்கு என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவன் கொடுக்கவில்லை.

விளிம்புக்கு மெல்லிசான துணி தேடியபோது பீரோவின் அடித்தட்டில், பழந்துணி மூட்டைக்குள், துவைத்து மடித்த இரண்டு வெள்ளைப் பட்டைகள் கிடைத்தன. வேட்டியில் கிழித்தவை, ஓரத்தில் மெல்லிய பச்சைக்கோடு. அம்மையார்குப்பத்துத் தறித் துணி, பழகி மெத்தென்று இருந்தது. கர்த்தர் கொடுத்ததென்று எடுத்துக்கொண்டான். பெட்டிக்கு ஒரு பட்டை. கோனைச் சுற்றி வளைத்து ஒட்டி, சைக்கிள் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷனைக் கரைத்து மேலே பூசினான். கோனை நடுவில் நிறுத்திவைக்க எக்ஸ்ரே பிலிமைச் சீவிச் செருகுவது வழக்கம். பீரோவில் கெசியாவின் நெஞ்சு எக்ஸ்ரே இருந்தது. அதில் கத்தரி வைக்க மனசு வரவில்லை. யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செருகினான். அதில் மட்டும் உஷாராக இருந்தான், பாவி.

அன்று ஆடி ஞாயிறு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிருத்திகைக்கு மலைக்கு நடக்கிற கூட்டம் ரோட்டில் காவடியும் பம்பையுமாகப் போய்க்கொண்டிருந்தது; தமிழும் தெலுங்கும் கலந்த அரோகரா சத்தம் ஜன்னல் வழியே வந்து வந்து தேய்ந்தது. டெபோரா உள்ளறையில் தூங்கினாள். வீடு முழுக்க சொல்யூஷன் வாசனை, அதற்கடியில் வேறொரு வாசனை, நனைந்த மண்ணும் வாடின சம்பங்கியும் சேர்ந்தாற்போல. பெட்டிகளில் ஊறிய மழைதான் என்று நினைத்துக்கொண்டு, முதலில் இடது பெட்டிக்கு மட்டும் ஒயர் கொடுத்துப் பதிவைப் போட்டான்.

கெசியா பாடினாள். அட, எப்பேர்ப்பட்ட குரல்! மூச்சு இழுப்பதும், கீரைத்தண்டு ஒடிவதும்கூடக் கேட்டது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாட்டு முடிந்து, போனும் நின்று, திரை அணைந்தது. அதற்கப்புறமும் பெட்டிக்குள் ஏதோ மிச்சமிருந்தது. நெடுநேரம் ஒட்டிக்கிடந்த உதடுகள் பிரிகிற மாதிரி, ஈரமாய், மெல்ல ஒரு சத்தம்.

அவசரமாக ஒயரைப் பிடுங்கி வலது பெட்டிக்குக் கொடுத்தான். அதில் பாட்டே இல்லை. சர்ரக். சற்று நிறுத்தி, சர்ரக். சிமெண்டுத் தரையில் வெறுங்கால் உரசுகிற சத்தம். கெசியாவுக்குப் பித்தவெடிப்பு, அவள் நடந்தால் அடுப்படியிலிருந்தே இப்படிக் கேட்கும், உப்புத்தாள் வருது பாரு என்று அவன் கிண்டல் பண்ணுவான். ஒயரை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்தான். கோளாறு ஒயரோடு போனால் ஆம்ப்ளிபயரில் குற்றம், போகாவிட்டால் பெட்டியில் குற்றம். போகவில்லை. எத்தனை மாற்றினாலும் இடதில் வாய், வலதில் கால்.

"ஸ்டீவனு! கீறியா?" பக்கத்து வீட்டு மணியம்மை சொம்போடு உள்ளே வந்தாள். "கோயில்ல கூழு ஊத்தினோம், புள்ளைக்கு இத்தினி எடுத்தாந்தேன். இன்னாபா இது, ரேடியோவா?"

"ஸ்பீக்கருக்கா. பாப்பாவுக்காக ரெடி பண்ணிகினு கீறேன்."

அவள் குனிந்து பார்த்தாள். கோனைச் சுற்றி வளையமாக ஓடிய பச்சைக்கோட்டை விரலால் தொடப் போனவள் சுடுவதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது எங்க வூட்டுக்காரர் வேட்டியாச்சே. நான்தானே கிழிச்சேன்."

"எப்பக்கா?"

"கெசியா போன அன்னிக்கு. வாய் தொறந்துகினே இருந்துச்சுன்னு தாடையச் சுத்தி ஒண்ணு கட்டினேன், கால் கட்டவிரல் ரெண்டையும் சேத்து ஒண்ணு கட்டினேன். சவப்பொட்டிய மூடறதுக்கு முந்தி அவுத்து உன் கையிலதான் குடுத்தேன், குழில போட்டுடுன்னு. நீ போடலியா?"

கல்லறையில் அன்று பேய்மழை. பாஸ்டர் வேகவேகமாக ஜெபித்தார். சட்டைப்பையில் வைத்த பட்டைகள் வைத்தபடியே வீடு வந்து சேர்ந்துவிட்டன. சட்டையைத் துவைத்த யாரோ உறவுக்காரி அவற்றையும் அலசி மடித்து வைத்திருக்க வேண்டும்.

"அடப்பாவி," என்றாள் மணியம்மை. "அவுத்தத அவளோட அனுப்பலன்னா அவ வாயும் காலும் இங்கியே கெடக்கும்டா. ரெண்டையும் இப்பவே பிச்சு எடு. வெளக்கு வெக்கறதுக்குள்ள அவ குழிமேட்டுல பொதச்சிட்டு வந்துடு. புள்ளய என் வூட்ல உடு. நான் போயி அவர இட்டாறேன், துணைக்கு வரட்டும்."

"ஆங், சரிக்கா."

அவள் போனதும் பிளேடை எடுத்து இடது பெட்டியின் முன் மண்டியிட்டான். பிளேடு துணியைத் தொட்டது. பின்னால் டெபோராவின் குரல் கேட்டது.

"நைனா, அம்மாவா பாடிச்சு?"

தூக்கம் கலைந்து, பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பிளேடைத் துணியிலிருந்து விலக்கினான். இதைக் கிழித்துவிட்டால் கெசியா மறுபடி தகர டப்பாவுக்குள் போய்விடுவாள். மணியக்கா திரும்பி வர நேரம் இருந்தது. ஒரே ஒரு தடவை. பிள்ளை கேட்கட்டும். அப்புறம் கிழித்துவிடலாம்.

இரண்டு பெட்டிக்கும் ஒயர் கொடுத்தான். இரண்டையும் சேர்த்துப் போடுவது இதுதான் முதல் தடவை. டெபோராவை எதிரே நடுவில் உட்கார வைத்துப் பதிவைத் தட்டினான்.

இடதில் பாட்டு. வலதில் கால். பாட்டு இடது மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது. காலடிகள் வலது மூலையிலிருந்து நகர்ந்தன. நடுவே சுவரில் மாட்டியிருந்த வசனக் காலண்டரின் தாள் லேசாக ஆடியது. டெபோரா கண்ணைச் சிமிட்டாமல் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கீழிருந்து மேலாக, ஓர் ஆள் உயரத்துக்கு.

கரண்ட் போனது.

ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. பாட்டு நிற்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கோன்களும் உப்பி அடங்குவது தெரிந்தது, ஒன்று மாற்றி ஒன்று.

சர்ரக். சர்ரக்.

நின்றது. நடுவில்.

"பாப்பா, கிட்ட வா."

டெபோரா எழுந்தாள்.

"போவாத பாப்பா! நைனாகிட்ட வா!" என்று கத்தினான். முழங்காலிலேயே தவழ்ந்துபோய்க் கைக்கு எட்டிய பெட்டியில் பிளேடைச் செருகி வட்டமாக இழுத்தான். துணி கிழிந்தது. கோன் தொங்கியது. குரல், பாதிச் சொல்லில், அறுந்தது.

அமைதி.

கர்த்தாவே, நன்றி. நன்றி. அவன் கிழிந்த பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு அழுதான். வெளியே பம்பைச் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தான்.

டெபோரா இரண்டு கையையும் தூக்கி நின்றாள். இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் குழந்தைகள் தூக்குவார்களே, அப்படி.

அவன் கிழித்தது இடது. வாயை.

குழந்தையின் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. முதலில் குதிகால். பிறகு விரல்கள். ஓர் இடுப்பின் உயரத்தில் வந்து நின்றாள். கால்கள் இரண்டும் காற்றைக் கவ்விக்கொண்டன, கைகள், அங்கே இல்லாத ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டன. கன்னம் ஒன்றுமில்லாத ஒரு தோளில் சாய்ந்தது.

வலது பெட்டியின் கோன் அசைவற்றுக் கிடந்தது. சத்தம் இப்போது அதிலிருந்து வரவில்லை.

சர்ரக். சர்ரக். தரையிலிருந்தே வந்தது. பாரம் சுமக்கிற நடை.

அது வாசலைத் தாண்டிற்று. காவடிக் கூட்டத்தின் புழுதியும் அந்தி வெளிச்சமும் நிறைந்த ரோட்டுப் பக்கம் டெபோரா போய்க்கொண்டிருந்தாள், அந்தரத்தில், மெல்ல ஆடியபடி, தோள்மேல் முகம் வைத்து அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.