மூன்று மணித் தடம்

செவ்வாய்க்கிழமைகளில் பொன்மணல் ஏவகத்தில் ஈ ஓட்டுவார்கள். மற்ற நாட்களில் காலை ஆறிலிருந்து பத்தரை வரை மூச்சுவிட நேரமிருக்காது. உவரியிலிருந்து வேம்பார் வரை கடற்கரையில் நாற்பது ஏவகங்கள். முகூர்த்த நாளென்றால் நாற்பதிலிருந்தும் சிற்றேவிகள் சீறிக்கொண்டு கிளம்பும். சிற்றேவி என்பது இரண்டு மாடி உயரமுள்ள குட்டி ராக்கெட். அதன் மூக்குக்குள் பத்துப் பதினைந்து குறுங்கோள்கள், ஒவ்வொன்றும் டிபன் பாக்ஸ் அளவு. மீன் பார்க்க ஒன்று, பயிர் பார்க்க ஒன்று என்று ஆரம்பித்தது. இப்போது கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று என்று வந்து நிற்கிறது. மணமக்கள் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பெட்டி பூமியைச் சுற்றாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இத்தனைக்கும் காரணம் செண்பகவல்லிதான். சிற்றேவியை வடிவமைத்தவள் அவள். லாரியில் கொண்டுவந்து இறக்கி அரை நாளில் ஏவிவிடலாம் என்று செய்துகாட்டியவளும் அவளே. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது வானொலி கரகரத்தது.

"செண்பகம், கூட்டுல அடி விழுந்துட்டு."

பேசியது அவள் கணவன் சுயம்புலிங்கம். வானில் மூன்று பேர் தங்கிப் பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கூடு என்று பெயர். அவன் அங்கே போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டைய அடைச்சாச்சு. மிளகு அளவு துண்டுதான், ஆனா மூச்சுச் சல்லடைய நொறுக்கிட்டு. எறங்கு ஓடத்துலயும் கவசம் கிழிஞ்சு போச்சு."

மூச்சுச் சல்லடைதான் மூன்று பேரும் வெளிவிடும் கெட்ட காற்றை வடிகட்டுவது. அது இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்குள் தலை சுற்றும், பிறகு தூக்கம் வரும், அந்தத் தூக்கத்திலிருந்து எழ முடியாது. இறங்கி வரவும் வழியில்லை. புது ஓடம் வர இரண்டு மாதம் ஆகும். ஆனால் மாற்றுச் சல்லடை ஒன்று ஏவகத்தின் கிடங்கில் இருந்தது, முப்பது கிலோ. தளத்தில் ஒரு சிற்றேவியும் நின்றது. மறுநாள் காலைக் கல்யாணத்துக்காக மஞ்சள் குங்குமம் பூசி, மணமக்கள் பெயரை எழுதி நிறுத்தியிருந்தார்கள்.

எப்போது வேண்டுமானாலும் ஏவ முடியாது என்பதுதான் சங்கடம். இந்தக் கரையிலிருந்து தெற்கே ஏவும் கோளுக்கு, ஏவுகிற மணியே தடம். காலை ஒன்பதுக்கு ஏவினால் அது ஆயுசுக்கும் ஒன்பது மணிக்காரன். பகல் பக்கத்தில் அது பூமத்திய ரேகையைத் தாண்டும்போதெல்லாம் கீழே ஒன்பது மணியாகவே இருக்கும். எல்லாரும் நல்ல நேரம் பார்த்து ஏவியதில் ஒன்பது மணித் தடத்தில் பதினோராயிரம் பெட்டிகள் முண்டியடித்தன. மதியத்துக்குமேல் யாரும் ஏவுவதில்லை. அதனால்தான் கூட்டை மூன்று மணித் தடத்தில் வைத்தார்கள். அந்தத் தடத்தில் அதைத் தவிர ஒரு குருவி கிடையாது. துருவத்துக்கு மேலே மட்டும் எல்லாத் தடங்களும் சந்திக்கும். முந்தின நாள் ஒன்பது மணித் தடத்தில் இரண்டு கல்யாணப் பெட்டிகள் மோதிச் சிதறியதில் ஒரு துண்டு அங்கேதான் கூட்டைப் பிடித்துவிட்டது.

ஆகவே சல்லடை மூன்று மணிக்குத்தான் கிளம்ப வேண்டும். மூன்று மணி நாலு நிமிஷம், அதை விட்டால் கூடு கைக்கு எட்டாது.

ஏவகத்தின் முதலாளி பலவேசம் அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். செவ்வாய், மூன்றிலிருந்து நாலரை.

"ஏம்மா, ராகு காலம்லா?"

"ஆமா அண்ணாச்சி. வேற நேரம் இல்ல."

"தீ மூட்ட ஒருத்தனும் வரமாட்டான்."

"நானே மூட்டுதேன்."

அவர் மறுக்கவில்லை. பாவம், நல்ல மனுஷன். ஆனால் அவர் மறந்ததும் அவள் மறந்ததும் ஒன்று இருந்தது. இரண்டு ஐம்பதுக்கு எல்லாம் தயாராகி அவள் பொத்தானைச் சோதித்தபோது திரையில் சிவப்பாக வந்தது: ராகு பூட்டு.

வாடிக்கையாளர் மனம் குளிரட்டும் என்று நாலு வருஷத்துக்கு முன் அவளே சிரித்துக்கொண்டு எழுதிச் சேர்த்தது. ராகு காலம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கையிலேயே சிற்றேவி பற்ற மறுத்துவிடும். விளம்பரத்தில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

"தேதிய மாத்திப் போடேன், புதன்னு," என்றார் அண்ணாச்சி.

"தேதிய வச்சுத்தான் அது வழி கண்டுபிடிக்கும். மாத்தினா கூட்டத் தேடிக் கடலுக்குள்ள போயிரும்."

அவள் பழைய நிரலைத் திறந்து தேடினாள். பஞ்சாங்க அட்டவணை அதில் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்பது மறந்துபோயிருந்தது. இரண்டு ஐம்பத்தைந்து. வானொலியில் சுயம்புவின் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. மூன்று மணி. அண்ணாச்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டார். மூன்று மணி இரண்டு நிமிஷத்துக்கு அட்டவணை அகப்பட்டது. செவ்வாய் என்ற வரியை அழித்தாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பொத்தானை அமுக்கியபோது அவள் கண்ணைத் திறந்து வைத்திருக்கவில்லை.

நாலு நாற்பதுக்குக் கூடு பெட்டியைப் பிடித்தது. ஐந்து மணிக்கு சுயம்பு, "தலைவலி விட்டுட்டு," என்றான். செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து மொய்த்தார்கள். இத்தனை வருஷம் இந்த நேரம் பார்க்கும் கூட்டத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவள், கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாளா? "ராகு காலந்தாங்க பத்திரம். வானம் காலியா இருக்கது அப்பந்தான்," என்றாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பேச்சை அன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அவளுடைய மாமியார் பிரம்மசக்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஏவகத்துக்கு வந்தாள். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு குறுங்கோள், மேலே விபூதிப் பட்டை, மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை.

"எம்புள்ள பொழச்சா ஒரு பெட்டி ஏத்துதேன்னு அம்மனுக்கு நேந்திருந்தேன். அவன் உயிர் வந்த நேரத்துலயே, அவன் போற வழியிலயே ஏத்தணும்."

"ஐயோ, வேண்டாம் அத்தை. இந்தப் பெட்டிக்கு பிரேக்கும் கெடயாது, ஓட்டுறதுக்கு ஆளும் கெடயாது. அவங்க தலைக்கு மேலயே சுத்தும். புது ஓடம் வர்றவரைக்கும் அவங்க அங்கதான இருக்கணும்?"

"நீதானட்டி டிவியில சொன்ன, அதுதான் பத்திரம்னு?"

"காலியா இருந்ததால பத்திரம் அத்தை!"

"நேத்திக்கடன நிறுத்தப்படாது. நிறுத்துனா அவனுக்குத்தான் ஆகாது." கிழவியின் கண்கள் கலங்கின. மருமகளுக்கு இருந்த அதே பயம்தான் அவளுக்கும்.

"நான் ஏத்த மாட்டேன்."

"தெரியும். அதான் பக்கத்து ஏவகத்துல கேட்டேன், காலையிலயே ஒண்ண மாட்டிட்டாவ. இது ரெண்டாவது. இத நீ ஏத்துனா ஒனக்கும் நல்லதேன்னு கொண்டாந்தேன்."

செண்பகவல்லி அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லா ஏவகத்துலயும் இன்னைக்கு நெறஞ்சுட்டும்மா. சுயம்பு பொழச்ச நேரம்னு ஊரே கேக்கு. ராகு பூட்டையும் எல்லாரும் எடுத்துட்டாவ. ஆபீசருக்குப் போன் போட்டேன். யாரும் போகாத தடத்துக்குச் சட்டமே எழுதலையாம். எழுத ஆறு மாசம் ஆகும்னாரு."

அவள் ஓடிப்போய் எல்லா ஏவகங்களுக்கும் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை, ஏவும் நேரத்தில் யார் போன் எடுப்பார்கள்? இவளே போட்ட விதி அது.

மூன்று மணிக்குத் தரை அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கரை நெடுகப் புகைக் கோடுகள் எழும்பின. பத்து வரை எண்ணினாள், பிறகு எண்ணவில்லை. பிரம்மசக்தி இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்து நின்றாள்.

வானொலி கரகரத்தது.

"செண்பகம், எங்க தடத்துல என்னமோ வெளிச்சமா ஏறி வருது. ஒண்ணு ரெண்டு இல்ல. யாரு அது?"

செண்பகவல்லி ஒலிவாங்கியை எடுத்தாள். பிரம்மசக்தி முன்னால் வந்து, மகன் குரல் கேட்ட சந்தோஷத்தில் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தாம்ல, ஒங்கம்மா. ஒம் பேருலதான் ஏத்தியிருக்கு."