படம் மாட்டிய உயரம்

“காபியா இது? பாத்திரம் கழுவுன தண்ணிய சுட வெச்சு குடுத்துட்டா!”

கெங்கம்மாள் டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தாள். அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் வந்து, தம்பி வீட்டுக் கூடத்தின் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து காபி ஆறக்கூட நேரமாகவில்லை. அதற்குள் வாசல் கோலம், காபி, அனுசுயா கட்டியிருந்த புடவை எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கும் ஒரு திறமை வேண்டும்!

“வேற கலந்து எடுத்தாரேன் அண்ணி” என்று அனுசுயா டம்ளரை எடுத்தாள்.

“வேணாம்மா! அதுல என்னத்த கலப்பியோ!”

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜெகநாதன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் ஊரையே அதட்டி உள்ளே தள்ளியவர். வீட்டில் அக்கா பேசும்போது மட்டும் அவருக்குத் தொண்டை கிடையாது.

அனுசுயா அவருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் அம்மு, அனுசுயாவின் கூடப்பிறந்த அக்கா. ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அம்மு கண்ணை மூடியபோது, அனுசுயா ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுப் பொதட்டூர்பேட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தாள். அக்கா புருஷனைக் கூப்பிட்ட பழக்கத்தில் இன்றும் அவரை “பாவா” என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் குழந்தை சுதாகரைப் பத்து வயது வரை வளர்த்தாள். பிறகு, “அங்க நல்ல ஸ்கூல் கீது” என்று கெங்கம்மாள் அவனை அரக்கோணத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே பள்ளிக்கூடம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. அத்தை சோற்றோடு பிசைந்து வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தாள்.

“உங்கம்மா படத்த அவ எங்க மாட்டி வெச்சிருக்கான்னு பாத்தியாடா?”

இறந்தவர்கள் படத்தை எந்த வீட்டிலும் நிலைப்படிக்கு மேலே, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மாட்டுவார்கள். அம்முவின் படமும் முதலில் அங்கேதான் இருந்தது. அனுசுயா வந்த சில மாதங்களிலேயே அதைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டாள். இன்றும் அது ஒரு மனிதனின் மார்பளவுக்குத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே இடுப்பளவு மர அலமாரி. சக்களத்திப் பொறாமை என்று கெங்கம்மாள் தீர்ப்பு எழுதினாள். சொந்தபந்தம் அப்படியே கையெழுத்துப் போட்டது. சுதாகரும் நம்பினான். ரயில்வேயில் வேலை கிடைத்து, மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வந்துபோகிறான். ஆனால் அனுசுயாவை எந்த உறவு சொல்லியும் கூப்பிடுவதில்லை. “இவங்க” என்பான். “சோறு வெக்கச் சொல்லுங்க நைனா” என்பான், அவள் எதிரே நிற்கும்போதே.

இன்று அவன் அப்பாவுக்காகப் பெரிய டிவியும் ஹோம் தியேட்டரும் கொண்டுவந்து இறக்கியிருந்தான். மத்தியானம் கிரிக்கெட் இறுதி ஆட்டம்.

“பழைய பெட்டியில பந்தே தெரியாது நைனா. பேட்டு சுத்துறது மட்டும்தான் தெரியும். இது ஹெச்.டி.! பந்துல இருக்கற தையல் கூடத் தெரியும்!”

அவன் சொன்னது மெய்தான். படம் என்பது புள்ளிகளால் ஆனது. பழைய ஒளிபரப்பில் புள்ளிகள் குறைவு. தொலைவிலிருந்து எடுக்கும்போது பந்துக்கு இரண்டு மூன்று புள்ளிகள் கிடைத்தாலே அதிகம். புள்ளிகள் பெருகினால்தான் பந்து பந்தாகத் தெரியும். ஆனால் எவ்வளவு நல்ல டிவியையும் தப்பான சுவரில் மாட்டினால் எல்லாம் வீண். சுதாகருக்கு அது தெரியும். கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தான். கிழக்கே சாமி அலமாரி. வடக்கே வாசல், ஆள் வரப் போக இருப்பார்கள். மேற்குச் சுவரில் இடமிருந்தது. டிவியை மேசைமேல் வைத்து அங்கே ஓட்டிப் பார்த்தான்.

திரையில் ஜன்னல் தெரிந்தது! எதிர்ச் சுவர் ஜன்னலின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து திரும்பியது. படத்தின் இருண்ட பகுதிகளில்தான் இந்தப் பிரதிபலிப்பு நன்றாக ஒட்டிக்கொள்ளும். பச்சை மைதானம் முழுக்கக் கம்பி போட்ட ஜன்னல். அதற்குள் பூதம்போல் கெங்கம்மாள்.

“ஜன்னல சாத்துடா!”

“சாத்துனா வெந்துடுவோம் அத்தை.”

மிச்சம் தெற்குச் சுவர். வாசல் கதவைச் சாத்திவிட்டால் எந்த வெளிச்சமும் நேராக விழாத சுவர். அங்கேதான் அம்முவின் படம். சுதாகர் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

சமையலறை வாசலிலிருந்து அனுசுயா மெதுவாகச் சொன்னாள்: “அந்தப் படத்த வேற எடத்துல மாட்டிக்கலாம்… டிவிய அங்கயே வெச்சுக்கோப்பா. கண்ணு கூசாம பாக்கலாம்.”

அவ்வளவுதான்!

“கேட்டியாடா? கேட்டியா!” கெங்கம்மாள் எழுந்தேவிட்டாள். “எப்ப எப்பன்னு காத்துகினு இருந்தா! மேல இருந்தவள கீழ எறக்கினா… இப்போ செவுத்த வுட்டே தொரத்தப் பாக்கறா! கூடப் பொறந்தவளாடி நீ? த்தூ!”

“அய்யோ அண்ணி, நான் அந்த அர்த்தத்துல…”

“பேசாதீங்க!” சுதாகரின் குரல் கூடத்தையே வெட்டியது. எத்தனையோ வருடம் கழித்து அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. “எங்கம்மா உங்களுக்கு இவ்ளோ எடஞ்சலா? சரி. படத்த நான் எடுத்துகினு போறேன். அத்தை வீட்ல ஒசரத்துல, மரியாதையா மாட்டறேன். இந்த டிவிய நைனாவுக்கு மாட்டிக் குடுத்துட்டு கெளம்பிடுவேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்க எனக்கு ஒண்ணும் இல்ல.”

வசவு அனுசுயாவுக்குப் பழகிப்போனது. ஆனால் அக்காவும் போய், அக்கா பிள்ளையும் போய்விட்டால்… இந்த வீட்டில் அவள் யார்?

“என்ன எது வேணா சொல்லு… அக்காவ மட்டும் எடுத்துகினு போவாதப்பா…”

“நடிப்பு!” என்றாள் கெங்கம்மாள்.

சுதாகர் படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தான். வேலையில் இறங்கினால் கோபம் தணியும் என்று நினைத்தானோ என்னவோ, அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து டேப்பை எடுத்தான். உட்கார்ந்திருப்பவரின் கண் எந்த உயரமோ, திரையின் நடு அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். தரையிலிருந்து அப்பாவின் கண்வரை அளந்து, அதே அளவைச் சுவரில் பென்சிலால் குறித்தான்.

குறி, படம் இருந்த இடத்திலேயே விழுந்தது. ஏறக்குறைய அம்முவின் நெற்றிப் பொட்டு இருந்த இடம்.

அவன் முகம் லேசாகச் சுருங்கியது. ஒயர் இழுக்க வசதியாக மர அலமாரியை நகர்த்தினான்.

அலமாரிக்குப் பின்னால் சுண்ணாம்பு படாத பழைய சுவர். அதில் ஆணி ஓட்டைகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, கோடு போட்டதுபோல். எல்லாவற்றிலும் கீழே இருந்தது முழங்காலுக்குச் சற்று மேலே.

“இது இன்னா?”

“ஆணி அடிக்கத் துப்பில்லாதவ குத்திக் குத்திப் பாத்திருக்கா” என்றாள் அத்தை.

துப்பில்லாதவர்கள் அடித்த ஓட்டை இப்படி வரிசையாக இருக்காது. சுதாகர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். கீழ் ஓட்டை அவன் கண்ணுக்கு வெகு கீழே இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால்… சரியாக இருக்கும். அதற்கு மேலுள்ளது அடுத்த வயதுக்கு. அதற்கும் மேலுள்ளது… அவன் விரல் ஒவ்வோர் ஓட்டையாக மேலே ஏறியது.

செய்தித்தாள் கீழே விழுந்தது. ஜெகநாதன் தொண்டையைச் செருமினார்.

“நீ சோறு துன்ன மாட்ட. ‘அம்மா காட்டு’ன்னு அழுவ. படம் மேல இருந்துச்சு. வாயில சோத்தோட அண்ணாந்து பாப்ப… பொறை ஏறிடும். ஒருநாள் மூச்சே நின்னு போயி, கண்ணு சொருகிடுச்சு. அன்னைக்குதான் அனுசுயா அத எறக்குனா. உன் கண்ணுக்கு நேரா, நீயும் உங்கம்மாவும் எதிரெதிர உக்காந்து துன்ற மாதிரி. நீ வளர வளர கழட்டி மேல மேல மாட்டுவா. சுத்தி கூட இல்ல… அம்மிக் குழவியால அடிப்பா. கடைசி ஆணி, நீ சேர்ல உக்காந்து துன்ன ஆரம்பிச்சப்போ.”

படம் ஏறியது சுதாகருக்கு ஏன் தெரியவில்லை என்று இப்போது புரிந்தது. அவன் வளர்ந்த அளவுக்கே அதுவும் வளர்ந்தது. அவன் கண்ணுக்கு அது என்றுமே அசையவில்லை. அம்மா எப்போதும் நேர் எதிரே இருந்தாள்.

“இத ஏன் நைனா நீ சொல்லவே இல்ல?”

ஜெகநாதன் தலை குனிந்தார். “அக்கா கோச்சுக்கும்னு…”

“நல்ல ஆம்பள!” என்றான் மகன். அவ்வளவு அருவருப்போடு அவன் அப்பாவிடம் பேசியதில்லை. அனுசுயா பக்கம் திரும்பினான். “நீங்களாவது சொல்லியிருக்கலாம் இல்ல?”

“எல்லாரும் திட்டுனாங்க” என்றாள் அனுசுயா. “ஏன்னு ஒருத்தரும் கேக்கலியேப்பா.”

அவன் எழுந்து வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வளர்ந்த உடம்பு குலுங்கியது. “அம்மா… என்ன மன்னிச்சுடும்மா…”

அவள் அழுதாள். ஆனால் அவன் முகத்தை நிமிர்த்தி, முந்தானையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா அதோ கட்டில்ல இருக்கா. நான் உனக்கு சின்னம்மா. அப்டியே கூப்புடு, போதும். அவ எடத்த நான் எப்பவும் கேக்கல.”

“நான் இன்னாத்த கண்டேன்… ஊரே சொல்லிச்சு, நானும் சொன்னேன்…” என்று கெங்கம்மாள் ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சினாள். யாராவது சமாதானம் சொல்வார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள்.

“ஊருக்கு சொன்னதே நீங்கதான் அண்ணி” என்றாள் அனுசுயா. குரலை உயர்த்தவில்லை. “மத்தியான ரயிலு கீது. ஆட்டம் பாக்கறதுன்னா இருங்க, சோறு போடறேன். எங்கக்காவப் பத்தி இனிமே இந்த வூட்ல நீங்க வாய் தொறக்கக்கூடாது.”

கெங்கம்மாள் பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். ஜெகநாதன் வழியனுப்பக்கூட எழவில்லை. இந்தத் தைரியம் இருபது வருடம் முன்னால் வந்திருக்கலாம்.

சுதாகர் மறுபடி டேப்பை எடுத்தான்.

“இங்க நில்லுங்க சின்னம்மா. நேரா பாருங்க.”

“எதுக்குடா?”

“நில்லுங்களேன்.”

தரையிலிருந்து அவள் கண்வரை அளந்தான். சுவரில் குறித்தான். படத்தை அங்கே மாட்டினால், கீழே டிவிக்கு வேண்டிய உயரம் பற்றாது.

“டிவி தாழ்ந்து போயிடுமேப்பா” என்றாள் அனுசுயா. “சரியான ஒசரம் இருக்கணும்னு அளந்தியே?”

“ஒரு சாண் எறங்கட்டும். கிரிக்கெட்டுதான… குனிஞ்சு பாத்துக்கலாம்.”

ஆணியை அவனே அடித்தான். அனுசுயா மல்லிகைச் சரத்தை எடுத்து வந்தாள். இத்தனை வருடமும் குனிந்து குனிந்து பூ வைத்தவள். இன்று அக்காவின் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. நிமிர்ந்து நின்று பூவை வைத்தாள்.