பாதி மின்னும் தூண்

அன்றும் கொத்தனார் சிலுவைமுத்து முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாளியில் போட்டுப் பார்த்தான். கெட்ட முட்டைதான் மிதக்கும்; எல்லாமே அமிழ்ந்தன.

"இன்னிக்கி ஒண்ணும் மெதக்கலியே, முட்டைக்காரம்மா."

ஐரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஐந்து வாரத்துக்கு முன்பு அவள் கொண்டுவந்த முதல் முட்டையே மிதந்தது. "கோழி கப்பல் வுட்டுகீதுபா," என்று கொத்தனார்கள் நடுவே அவன் சொல்ல, ராயபுரம் வரை அழுதுகொண்டே நடந்தாள். மறுநாள் ஏனோ மறுபடி வந்தாள்... மழை இறங்கப்போகும் கடலைப் போல அப்படி இரண்டு கண்கள் அவனுக்கு.

வெள்ளைக்காரன் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூர்ச் சாலையில், கல்லூரி வளாகத்துக்குள் நின்ற பழைய தோட்ட பங்களாவை நூலகமாக்கப் பழுதுபார்த்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலத்தில் ஐரீன் வீட்டில் முட்டை தொடமாட்டார்கள்; அம்மாவின் கோழிகளோ விரதம் அறியாதவை.

அவன் அந்தச் சாந்து பூசிய தூணைக் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தான். மேல்பாதி கண்ணாடியாய் மின்னியது.

"காயறதுக்குள்ள தேய்ச்சிடணும். காஞ்சிட்டா தலகீழா நின்னாலும் பளபளப்பு வராது." கல்லைப் பார்த்தபடியே கேட்டான். "எங்கம்மாவ உங்க வூட்டாண்ட அனுப்பட்டா?"

சரி என்ற சொல் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. கூடவே அந்தக் கப்பலும் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தவிக்கட்டுமே...

"தவசுக்காலத்துல இன்னா கல்யாணப் பேச்சு? ஈஸ்டர் அன்னிக்கி கேளு."

"இன்னும் பத்து நாளு கீதே."

"கெடக்கட்டும்."

மாடியில் முட்டுக்கொடுக்க ஆள் கூப்பிட்டார்கள். கல்லை அவள் கையில் வைத்தான். "புடி. காயறதுக்குள்ள வந்துர்றேன்."

கரையான் தின்ற உத்திரம் அவன் மேல் இறங்கியபோது, அந்தக் கல் அவள் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது.

அடக்கத்தன்று அவள் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். அவன் கேட்டது யாருக்கும் தெரியாது. முட்டை விற்கிற பெண் எந்த உரிமையில் அழுவாள்?

ஈஸ்டரன்று பூசை முடிந்து, பருவம் தப்பிய தூறலில் நனைந்தபடி பங்களாவுக்குப் போனாள். வேலையாட்கள் இல்லை.

"அனுப்பு," என்றாள் தூணிடம். "உங்கம்மாவ அனுப்பு. அன்னிக்கே சொல்லியிருப்பேன்... உன்ன கொஞ்சம் அலைய வுடணும்னுதான்..."

கல்லை எடுத்துக் கீழ்ப்பாதியைத் தேய்த்தாள். இருட்டும்வரை தேய்த்தாள். வெள்ளைத் தூள்தான் உதிர்ந்தது.

நூலகம் திறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் சாய்ந்து படிக்கிற அந்தத் தூணின் மேல்பாதி மட்டும் மின்னுகிறது. கீழே மங்கல்தான்.