நெவேனாவின் கடைவாய்ப் பல்

அன்று கலினாவுக்குப் பிறந்தநாள். எங்கள் சோஃபியா நகரத்துப் பள்ளிகளில் பிறந்தநாள் பிள்ளை மிட்டாய்ப் பெட்டியோடு பெஞ்சு பெஞ்சாகப் போக வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்து, வாழ்த்துச் சொல்லி, அங்கேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தின்னாமல் வைத்துக்கொண்டால், 'உன் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்' என்று பொருள்.

கடைசி பெஞ்சில் நெவேனா இருந்தாள். டான்யூப் ஆற்றங்கரையில் இருந்த அவளுடைய கிராமத்துப் பள்ளியைப் பிள்ளைகள் இல்லை என்று பூட்டிவிட்டார்கள். அதனால் சில வாரங்களுக்கு முன்புதான் இங்கே வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஒரு மிட்டாயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"யப்பா, என்ன திமிரு!" என்றான் முன் பெஞ்சு மிலன். "மகாராணி நம்ம மிட்டாயெல்லாம் தின்ன மாட்டாங்களோ?"

வகுப்பே சிரித்தது. கலினாவும் கோபத்தோடு சிரித்தாள்.

மதியம் கலினா கை கழுவப் போனாள். அங்கே நெவேனா, சில்லென்ற குழாய்த் தண்ணீரை ஒரு கன்னத்தில் அடக்கியபடி நின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் துப்பிய தண்ணீரில் இரத்தம் கலந்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"எங்க, வாயைத் திற."

கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. சுற்றிலும் ஈறு வீங்கியிருந்தது. வாய் நாறியது. அதனால்தான் அவள் யாரிடமும் பேசவில்லை.

"உங்க அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக்குப் போன அப்பா போன்கூடப் பண்றதில்ல. அம்மா இப்பதான் வேலைல சேந்திருக்காங்க. லீவு கேட்டா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. ஏற்கெனவே தினமும் அழறாங்க, நான் வேற அழவைக்கணுமா? நீயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு!"

காலையில் சிரித்ததை நினைத்துக் கலினாவுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் சொல்லல. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன். பயமா இருந்தா என் கையைப் பிடிச்சு நசுக்கு."

"அம்மா திட்டுனா?"

"ரெண்டு பேருமா வாங்கிக்கலாம்."

பள்ளி விட்டதும் இருவரும் போனார்கள். நெவேனாவின் அம்மா ஸ்டோயங்கா, பேருந்து நிலையத்துக்கு எதிரே பனிட்சா என்கிற பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு விற்கும் கடையில் வேலை பார்த்தாள். கடை முன்னால் நீண்ட வரிசை.

"இங்க எதுக்குடி வந்தே? முதலாளி பாத்தா அவ்வளவுதான்!"

நெவேனா கலினாவின் கையை நசுக்கினாள். பிறகு வாயைத் திறந்து காட்டினாள்.

ஸ்டோயங்காவின் முகம் வெளுத்தது. "எத்தனை நாளா?"

"நாம இங்க வந்ததுலேர்ந்து."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுவேன்னுதான்."

ஸ்டோயங்கா ஏப்ரனைக் கழற்றிக் கல்லாமேல் போட்டாள். "இன்னிக்குக் கடை அவ்வளவுதான். எல்லாரும் நாளைக்கு வாங்க!"

"சரியா என் முறை வந்ததும்தான் சாத்துவியா?" என்று முணுமுணுத்தார் முதலில் நின்ற பெரியவர். முணுமுணுத்துக்கொண்டே ஷட்டரை இழுக்கவும் கைகொடுத்தார்.

பல் மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அடைச்சிருக்கலாம். இப்ப பிடுங்கித்தான் ஆகணும்."

"திரும்ப முளைக்குமா?" என்று கேட்டாள் நெவேனா.

"இது பால் பல் இல்லம்மா. முளைக்காது."

நெவேனா அழுதாள். அம்மாவும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இனிமே வலிச்சா என்கிட்ட சொல்லிடு. நான் அழுதா அழுதுட்டுப் போறேன்" என்றாள். நெவேனாவின் பிடியில் கலினாவின் விரல்கள் சிவந்து போயிருந்தன. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

மறுநாள் முதலாளி கத்து கத்தென்று கத்தினார். நல்லவேளையாக வேலை போகவில்லை.

வீக்கம் வடிந்ததும் நெவேனா பள்ளிக்கு வந்து கலினாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணக்குப் பாடம் முழுக்கத் தன் ஆற்றைப் பற்றி, படகைப் பற்றி, கிராமத்தில் விட்டு வந்த நாயைப் பற்றிப் பேசித் தீர்த்தாள். பொறுத்துப் பார்த்த டீச்சர் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

நெவேனா எழுந்து நின்றாள். பல் போன இடம் எல்லோருக்கும் தெரியும்படி வாய்விட்டுச் சிரித்தாள்.