பேச்சுத்துணை

அவள் மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது. அவள் பார்க்க வந்த கணக்குத் தணிக்கையாளரின் அக்கா சன்னலோரமே நின்றிருக்க வேண்டும்.

"வாங்க டாக்டர், வாங்க. போட்டோவுல பாத்ததைவிட இளைச்சிருக்கீங்க. தம்பி! வந்துட்டாங்கப்பா."

வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. ஆனால், அந்தக் கூடத்துக்கு வெளிச்சம் வந்து பழக்கமில்லை போலிருந்தது. கனத்த திரைகள், கனத்த விரிப்பு, நாற்காலிக் கால்களுக்குக்கூட ரப்பர் உறை. நடந்தால் ஓசை எழவில்லை, அமர்ந்தாலும் எழவில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது, துடிப்பு மட்டும் இல்லாமல்.

பல் மருத்துவரான அவள், திருமணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள்.

நாற்பதை நெருங்கும் வயதில் ஒருத்தி இணையத்தில் துணை தேடுவதென்றால், முதலில் தளத்தைத் தேட வேண்டும். முதல் தளத்தில் ஆண்கள் எல்லாரும் கார்மேல் சாய்ந்து நின்றார்கள். கார் யாருடையது என்பது விசாரணைக்குரியது. இரண்டாவதில் ஒரு பொறியாளர், நலம் விசாரிக்கும் முன்பே கிளினிக் சொந்தமா வாடகையா என்று விசாரித்தார். ஆகவே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். படித்துப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும். நிலையான உறவை நாடுபவர்களுக்கு மட்டும். பட்டம், பணி, மணவிலக்குத் தீர்ப்பு, துணையின் இறப்புச் சான்று என எது உண்டோ அதைச் சரிபார்த்த பிறகே உள்ளே விட்டார்கள்.

"பேங்க்ல கடன் வாங்கறதே இதைவிட ஈஸி," என்று தங்கை சிரித்தாள். "இவ்வளவு சலிச்சும் கல்லுதான் வருதுன்னா என்னக்கா பண்ணுவ?"

"நான் எழுதினதைப் படிச்சியா?"

"படிச்சேன். துணைவரிடம் முக்கியமா எதிர்பார்ப்பது: பேச்சுத்துணை. ஏன்க்கா, நாள் பூரா பேசிக்கிட்டுதானே இருக்க?"

பேசிக்கொண்டுதான் இருந்தாள், வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடப்பவர்களிடம். அவள் கேட்டவற்றுக்கு அவர்கள் தொண்டையால் முனகினார்கள். வீட்டுக்குப் போனால் அந்த முனகலும் இல்லை.

அதே கேள்விக்குத் தணிக்கையாளர் 'அமைதி' என்று எழுதியிருந்தார். இரண்டும் எவ்வாறு பொருந்தின என்பதைத் தளம் விளக்கவில்லை. நல்ல பொருத்தம் என்று மட்டும் அறிவித்தது. மனைவியை இழந்தவர். சான்று இணைக்கப்பட்டிருந்தது.

"ஏழு வருஷம்," என்றார் அவர், தேநீர்க் கோப்பையை ஓசையின்றித் தட்டில் வைத்து. "ஒரு நாள் ஒரு சண்டை கிடையாது. இந்தக் காலத்துல யார் வீட்ல இருக்கும், சொல்லுங்க?"

"அவ வாயைத் திறந்து நான் பாத்ததே இல்ல," என்றாள் அக்கா. "தங்கமான பொண்ணு."

அப்போதுதான் அது கேட்டது.

கர்... கர்... கர்...

சுவருக்கு அப்பால், கல்லோடு கல்லை யாரோ மெல்லத் தேய்ப்பதுபோல. அவளுக்கு அந்த ஓசை தெரியும். தூக்கத்தில் பல்லை நெரிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் அதைக் கைப்பேசியில் பதிந்து வந்து போட்டுக் காட்டுவதுண்டு.

"உள்ள யாராவது தூங்கறாங்களா?"

"நாங்க ரெண்டு பேர்தாங்க," என்றார் தணிக்கையாளர். "ஏன்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அக்கா குனிந்து தன் கோப்பையைப் பார்த்தாள். "எலியா இருக்கும்," என்றாள் கோப்பையிடம்.

கை கழுவ வேண்டும் என்று சொல்லி அவள் எழுந்தாள்.

குளியலறைக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. திறக்காமல் இருந்திருக்கலாம், தொழில் பழக்கம் விடவில்லை. பல் நெரிப்பவர்கள் இரவில் மாட்டிக்கொள்ளும் உறை. கடைவாய்ப் பக்கம் இரு புறமும் கடித்துத் துளைக்கப்பட்டிருந்தது. கிராம்பு எண்ணெயும், நெடுநாள் மூடியிருந்த வாயும் கலந்த வாடை.

உறை ஈரமாக இருந்தது.

அவள் விரல் பட்டது. இளஞ்சூடு.

ஓசை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது. பிறகு கதவுப் பக்கமிருந்து. பிறகு அவள் காதோரமாக.

விளக்கு அணையவில்லை. அணைந்திருந்தால் கண்ணாடியைப் பார்க்க வேண்டியிருந்திராது.

அவள் தோளுக்குப் பின்னே ஒரு தாடை. கன்னத்துக்கு மேலே கூந்தல் நிழலைத் தவிர எதுவும் துலங்கவில்லை. இறுகிய உதடுகள். கன்னத் தசை மட்டும் புடைத்து, தளர்ந்து, மறுபடி புடைத்தது.

ஓடத்தான் நினைத்தாள். ஆனால், நினைவுக்கு முந்திக்கொண்டு, நாள்தோறும் சொல்லிப் பழகிய நாக்கு சொல்லிவிட்டது.

"பயப்படாதீங்க. வாயைத் திறங்க."

ஓசை நின்றது.

வெகு நேரம் கழித்து, உதடுகள் பிரியும் ஈரச் சத்தம்.

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க," என்றாள் அவள். அதையும் நாக்குதான் சொன்னது.

அக்கா வந்து கதவைத் தட்டும்வரை அந்தக் குரல் நிற்கவில்லை. அவள் கூடத்துக்குத் திரும்பியபோது தேநீரில் ஏடு படிந்திருந்தது.

"எனக்கு இது சரிப்படாதுங்க," என்றாள், நின்றபடியே.

"காரணம் தெரிஞ்சுக்கலாமா?"

"உங்க மனைவி ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சாங்களே, தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?" தணிக்கையாளர் சற்றே பெருமையுடன் சிரித்தார். "நான் படுத்தா இடி விழுந்தாலும் கேக்காது."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கர்ரென்று ஓர் இழுப்பு எழுந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். அவர் கைப்பேசியை எடுத்துத் தளத்தைத் திறந்தார்.

"பரவாயில்லைங்க. இன்னும் நாலு பேர் விருப்பம் தெரிவிச்சிருக்காங்க."

வாசலில் அக்கா அவள் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள். "அந்த டப்பாவை ரெண்டு தடவை குப்பையில போட்டேன் டாக்டர். மறுநாள் அங்கேயே இருக்கு. உங்ககிட்ட... ஏதாவது சொன்னாளா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு படி இறங்கினாள்.

அன்றிரவே கணக்கை மூடினாள். 'நிலையான உறவு அமைந்துவிட்டதா?' என்று தளம் விடைபெறும்போது கேட்டது. 'இல்லை' என்பதைத் தொட்டாள். தங்கைக்கு, 'கல்லுதான்' என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினாள்.

மறுநாள் காலை முதல் நோயாளி ஒரு பேருந்து ஓட்டுநர். கடைவாய்ப் பல்லில் சொத்தை. மரத்துப்போக ஊசி போட்டு, நாக்கை ஒதுக்கிப் பஞ்சு திணித்து, வழக்கம்போல், "வலிச்சா கையைத் தூக்குங்க, பேசாதீங்க," என்றாள்.

ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் நாக்கு அசையவில்லை. கை எழவில்லை.

கிராம்பு வாடை வந்தது. அவள் இன்னும் கிராம்பு எண்ணெய்ப் புட்டியைத் திறக்கவில்லை.

திறந்திருந்த அந்த வாயின் உள்ளிருந்து, தாழ்ந்த குரலில், ஒரு பெண் தொடங்கினாள்:

"நேத்து பாதியில விட்டுட்டேன்..."