புகை ஏறாத மாலை

அன்று மாலை வட்டகொடையில், பள்ளத்து வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: தம்பையா, அவர் மனைவி ஜெயலெட்சுமி, இளைய மகள் பிரியந்தி, அவளைப் பெண் பார்க்க டிக்கோயாவிலிருந்து வந்த நிரஞ்சன், அவன் தாய் வீரம்மா. பூட்டிய பின்னறையில் மூத்த மகள் நிலக்ஷியும் அவளுடைய பச்சைக் குழந்தையும். தாலி ஏறாமல் பெற்ற பிள்ளை. வந்தவர்களுக்கு அது தெரியக்கூடாது.

ஜெயலெட்சுமி முதலில் கவனித்தது சாம்பிராணிப் புகையை. ஆளுயரம் எழும்பியது, பிறகு எதிலோ முட்டியதுபோல் தட்டையாகப் பரவி அங்கேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே, தோட்டத் தொழிலாளர் லயத்து அடுப்புகளின் புகையும் கூரைகளுக்குச் சற்று மேலே ஒரே விரிப்பாக அசையாமல் கிடந்தது.

தம்பையா சுவரிலிருந்த காற்றழுத்தமானியைத் தட்டினார். தோட்டத்துப் பழைய துரை கொடுத்துவிட்டுப் போனது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

"முள்ளு ஏறி நிக்குதுங்க. வானம் தெளிஞ்சிருக்கு, ராவுக்குப் பனி கொட்டும். குளுந்த காத்து கனம். மலையிலருந்து தண்ணி மாதிரி வழிஞ்சு இந்தப் பள்ளத்துல தேங்கிரும். மேல சூட்டுக் காத்து மூடி போட்டுக்கும். பொகை எங்க போகும்?"

"ரேடியோக்காரன் தோத்தான் போங்க," என்று வீரம்மா சிரித்தாள்.

ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை. பின்னறையில் கனல் சட்டி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சூடு வேண்டுமென்று அவளே கரி அள்ளிப் போட்டிருந்தாள். அழுகை வெளியே கேட்காதபடி ஜன்னலிலும் கதவிடுக்கிலும் சாக்கைத் திணித்தவர் தம்பையா. "ஒரு சத்தம் வெளிய வந்துச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்," என்றிருந்தார். மிச்சமிருந்தது கூரைக் குழாய் ஒன்றுதான். மற்ற நாட்களில் சூடு அதன் வழியாக மேலே போயிற்று. இன்று?

புகையே இல்லாத கனல்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

தேநீர் எடுக்கப் போகையில் அந்தக் கதவைக் கடந்தாள். குழந்தை அழுதது, மெலிதாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. கதவடிச் சாக்கு அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இடுக்கில் இரண்டு விரல்கள்.

"அம்மா... தல சுத்துதும்மா."

கூடத்தில் பேச்சு நின்றது. "என்னங்க சத்தம்?" என்றாள் வீரம்மா.

"எலிங்க," என்றார் தம்பையா. அவர் பார்வை மனைவிமேல் விழுந்து அங்கேயே நின்றது.

ஜெயலெட்சுமி காலால் சாக்கை உள்ளே தள்ளினாள். விரல்கள் எதிர்க்கவில்லை.

அதன்பின் அழுகை இல்லை. முனகல் இல்லை. தேநீர் ஆறியது. புகை இன்னும் கீழே இறங்கியது. வீரம்மா சம்மதம் சொன்னாள்.

"வீடுன்னா இப்பிடி இருக்கணும் சம்பந்தி. என்னா அமைதி!"

வந்தவர்களின் வேன் வளைவில் மறைந்ததும் ஜெயலெட்சுமி பூட்டைத் திறந்தாள். கனல் சிவந்திருந்தது. கரியின் நச்சுக்கு வாசனையே இல்லை. கதவோடு ஒட்டிக் கிடந்தாள் நிலக்ஷி. மார்பில் குழந்தை. விரலிடுக்கில் சாக்கு நூல். மாதக்கணக்காக வெளுத்துக்கிடந்த கன்னங்கள் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தன. குழந்தைக்கும் அதே நிறம். அத்தனை அழகாக அவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

நிலக்ஷி பூச்சிமருந்து குடித்துச் செத்தாள் என்று டிக்கோயாவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்தக் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. கதவு வெளியே பூட்டியிருந்தது.